கூடையும் பையும்

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் ஓய்வறையிற் சிறிது நேரம் அமர்ந்திருப்பவர், ஒரு முறைப்பாட்டைக் கேளாது எழுந்து வருதல் அரிது. காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்திருக்கும். விசாரித்தால், வெறுந் தேநீரைக் குடித்துவிட்டு மூன்று மைல் நடந்து வந்த செய்தி தெரியவரும். உடனே ஒருவர் கூறுவார்: "லயத்துக் கூரையிலே டிஷ் இருக்கிறது, தகப்பன் சட்டைப் பையிலே நல்ல போன் இருக்கிறது, பிள்ளைக்கு மட்டும் சாப்பாடு இல்லை." மற்றவர்கள் தலையசைப்பர். மணி அடிக்கும், எல்லோரும் வகுப்புக்குச் சென்றுவிடுவர்.

இம்முறைப்பாட்டைச் சொல்பவர்கள் கொடியவர்களல்லர். அவர்களுட் பலர் அதே லயங்களிற் பிறந்து, அதே மண்ணெண்ணெய் விளக்கிற் படித்து ஆசிரியரானவர்கள்; தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள்; மே தின ஊர்வலத்திற் செல்பவர்கள். ஆகையாற்றான் இது ஆராயத்தக்க விடயமாகிறது. உழைப்பாளியின் உழைப்பைப் போற்றும் நாம், அவன் கடைவாசலில் ஏறியதும் அவனை ஏன் ஐயத்தோடு நோக்குகிறோம்? கூலியை அவன் கேட்கும்போது அவன் பக்கம் நின்றவர்கள், அக்கூலி செலவாகும்போது துரையின் பக்கம் நகர்ந்துவிடுவது எவ்வாறு நேர்கிறது?

இக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி நமது இலக்கியத்திலே கிடக்கிறது என்பது என் கருத்து. மலையக இலக்கியம் தொழிலாளியின் முதுகிலுள்ள கூடையை நன்கு பார்த்தது. அவள் கையிலுள்ள பையை அந்த அளவுக்குப் பார்க்கவில்லை.

*

கூடையைப் பார்த்ததே ஒரு பெருஞ் சாதனை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நாட்டின் செல்வத்தை உண்டாக்கியவர்கள் யார் என்ற உண்மை மறைக்கப்பட்டிருந்த காலத்தில், சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து உழைப்பைக் கவிதைப் பொருளாக்கினார். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தையே நாடற்றவராக்கியபோது, "இம்மண் எங்கள் வியர்வையால் விளைந்தது" என்று நிலைநாட்டுவது எழுத்தாளனின் தலையாய கடமையாயிற்று. என். எஸ். எம். இராமையாவின் சிறுகதைத் தொகுதி 1980 இல் வெளிவந்தபோது அது தாங்கிநின்ற பெயர் 'ஒரு கூடைக் கொழுந்து'. அப்பெயரைக் கொண்ட கதையில் ஒரு பெண் கொய்த கொழுந்தின் நிறையும், அந்நிறை குறித்து எழும் சந்தேகமும், அவளுடைய மானமும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. நிறுக்கும் தராசு எவ்வாறு ஒரு மனிதப் பிறவியின் மதிப்பை அளக்கும் கருவியாகிறது என்பதை அவ்வளவு செட்டாகச் சொன்ன கதைகள் தமிழில் அதிகமில்லை.

தெளிவத்தை ஜோசப்பை ஊவா மாகாணத்து வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் 1934 இற் பிறந்து, தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, 2022 இல் மறையும்வரை எழுதியவர் அவர். அவருடைய 'மீன்கள்' கதை லயத்தின் ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் அடைபட்டுக் கிடக்கும் அவலத்தைச் சொல்கிறது. மலையில் நின்ற எழுத்தாளனின் கண் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதற்கு அக்கதை ஓர் எடுத்துக்காட்டு.

எனினும் வீட்டுக்குள் வந்த கண் அடுப்பங்கரையில் நெடுநேரம் நிற்கவில்லை. கடையும் கடனும் கருவாடும் நம் கதைகளில் இல்லாமலில்லை; ஆனால் அவை பெரும்பாலும் பின்னணியாக வந்து போகின்றன. வறுமையைக் காட்ட வேண்டிய இடத்தில் ரொட்டியும் சம்பலும் வரும். அதன்பின் கதை வேறு வழியிற் செல்லும். ஏன் ரொட்டி, ஏன் சோறில்லை, அம்மாவை யார் தீர்மானித்து வாங்கினார்கள், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற வினாக்கள் கதையின் உயிராக அமைவது குறைவு. பழைய தோட்டத்து நாட்டார் பாடல்கள் இவ்வகையில் நம்மிலும் முந்திக்கொண்டன. கங்காணியின் கணக்கும் தீராத பற்றும் அப்பாடல்களில் நேராகவே பேசப்படுகின்றன. பாடிய பெண்களுக்குக் கடனும் கொழுந்தைப் போலவே நிறையுடைய பொருளாயிருந்தது.

எழுத்தாளன் பாராத இடத்தை வேறு யாரோ பார்த்து விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். தொழிலாளியின் பையைப் பற்றி இன்று பேசுபவர்கள் இரு சாரார். ஒருவர், சத்துணவு பற்றி உபதேசம் செய்பவர். மற்றவர், விளம்பரக்காரர். முன்னவர் தொழிலாளியை அறியாதவனாகக் காண்கிறார். பின்னவர் ஏமாற்றத்தக்கவனாகக் காண்கிறார். இருவருக்குமிடையே அவன் எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் மனிதன் என்பது மறைந்துபோகிறது.

*

கடையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். ஹப்புத்தளைக்கு அப்பாலுள்ள தம்பேதன்னைத் தொழிற்சாலையைக் காண இன்று உல்லாசப் பயணிகள் திரள்கின்றனர். தோமஸ் லிப்டன் என்னும் பெயர் அங்கே போற்றப்படுகிறது. ஆனால் லிப்டன் தோட்டக்காரராகத் தம் வாழ்வைத் தொடங்கியவரல்லர்; அவர் ஒரு மளிகைக் கடைக்காரர். 1871 இற் கிளாஸ்கோ நகரிலே தம் முதற் கடையைத் திறந்து, கடைமேற் கடையாகப் பெருக்கி, 1890 இல் இலங்கைக்கு வந்து ஊவா மலைகளிலே தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர்களை விலக்கிவிட்டுத் தேயிலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி மலிவு விலையில் விற்றதே அவருடைய வெற்றியின் இரகசியம். அப்பொட்டலங்களை வாங்கியவர்கள் யார்? பிரித்தானிய ஆலைத் தொழிலாளர். சீனி கலந்த தேநீரும் பாணும் அவர்களுடைய உணவாயின. மலிவான தேநீரும் சீனியும் ஐரோப்பியத் தொழிலாளியின் வயிற்றை எவ்வாறு ஆலை முதலாளிக்குச் சாதகமாக நிரப்பின என்பதை மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985 இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆக, ஊவா மலையின் தேயிலை ஒரு கடையின் தேவைக்காகவே வளர்க்கப்பட்டது. அதை வளர்த்தவர்களுக்கோ கடை என்பதே இருக்கவில்லை. அரிசியைத் தோட்டமே கொடுத்தது. விலையைத் தோட்டமே சம்பளத்திற் கழித்தது. கங்காணி கொடுத்த முற்பணம் 'துண்டு' என்னும் கடன் சீட்டாகித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் துரத்திச் சென்றது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 இற் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் அரிசிக் கழிவு தொடர்ந்தது. கூலி கைக்கு வருமுன் சோறாக மாறிவிடும் அமைப்பில், விலை கேட்டுப் பொருள் பார்த்து வாங்கும் உரிமைக்கு இடமேது? தன் கூலியைத் தன் விருப்பப்படி செலவிடும் அனுபவம் தோட்டத் தொழிலாளிக்குத் தலைமுறை கடந்து வந்த அனுபவம். இதை மறந்துவிட்டு, "இவர்களுக்குச் செலவு செய்யத் தெரியாது" என்பது, நெடுங்காலம் காலைக் கட்டிவைத்துவிட்டு நடை சரியில்லை என்று குறை சொல்வதை ஒக்கும்.

கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்ததும், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வர்த்தக நோக்கிலே தேயிலை பயிரிட்டதும் ஒரே ஆண்டில், 1867 இல், நிகழ்ந்தன. தற்செயலான ஒற்றுமைதான். எனினும் மார்க்ஸ் தம் ஆராய்ச்சியைப் பண்டத்திலிருந்து தொடங்கினார் என்பதை நம் விமர்சகர்கள் நினைவிற்கொள்ளுதல் நன்று. பண்டத்தின் பின்னால் மனித உறவுகள் மறைந்திருக்கின்றன என்ற அவருடைய கூற்றைத் தேயிலைக்கு நாம் பொருத்திப் பார்த்திருக்கிறோம். தேயிலையை விற்ற காசில் வாங்கும் கோதுமை மாவுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாமா?

*

மாவின் கதை பெரிய கதை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் நாட்டைப் பிடித்தபோது தோட்டங்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. தோட்டங்களில் மரண விகிதம் அவ்வாண்டுகளில் உயர்ந்ததைப் பதிவுகள் காட்டுகின்றன. பங்கீட்டு அரிசி குறைந்தது. வயலோ காணியோ இல்லாதவனுக்கு மரவள்ளிக் கிழங்கைக்கூடத் தோண்டியெடுக்க இடமில்லை. கிராமத்து ஏழைக்கு ஒரு முற்றமாவது இருந்தது. லயத்து ஏழைக்கு முற்றமும் தோட்டத்தின் சொத்து. அப்பஞ்சத்தின் நினைவு இன்றும் முதியோர் பேச்சில் வாழ்கிறது. வீட்டிலே மா மூட்டை இருந்தால்தான் தூக்கம் வரும் என்று கூறும் கிழவிகளை நான் அறிவேன். மா அவர்களுக்கு வெறும் உணவன்று. பஞ்சத்துக்கு எதிரான காவல்.

ரொட்டிக்கு வேறு நியாயமும் உண்டு. கொழுந்தெடுக்கும் பெண் விடியுமுன் எழுந்து, தண்ணீர் எடுத்து, பிள்ளைகளைத் தயார்செய்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்திற் சேர்த்துவிட்டு, பிரட்டுக்கு நேரத்தோடு சென்று நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் போய்விடலாம். சோறு என்றால் அடுப்பு நெடுநேரம் எரிய வேண்டும்; கறி வேண்டும். ரொட்டிக்கு ஒரு பிடி மாவும் உப்பும் தண்ணீரும் போதும். நாலைந்து ரொட்டியைத் தட்டிப் போட்டு, ஒரு சம்பலை அரைத்துவிட்டால் வீட்டிலுள்ளோர் உண்ணலாம். மிச்சத்தைத் துணியிற் சுற்றி மலைக்கும் கொண்டு செல்லலாம். வயிற்றிலே கனமாக நிற்கும். பகல்வரை பசி தெரியாது. விறகின் விலை, நேரத்தின் விலை, பெண்ணின் உடல் ஓய்வின் விலை ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்துச் செய்த கணக்குத்தான் ரொட்டி. கணக்குப் பிழையன்று. கணக்குக்கு அவளுக்குக் கொடுக்கப்பட்ட எண்கள்தான் கொடியவை.

அதன் விளைவு உடலில் தெரிகிறது. தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மாவில் இரும்புச் சத்துக் குறைவு. அந்த ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரோ, இருக்கின்ற இரும்புச் சத்தையும் உடல் ஏற்காமற் செய்கிறது. தானிய உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு உட்கொள்ளப்படும் அளவு பாதிக்கு மேற் குறையலாம் என்பது நிறுவப்பட்ட உண்மை. தாவர உணவில் இரும்பு தேடும் ஏழைக்கே இப்பாதிப்பு மிகுதி. இறைச்சி உண்பவனுக்கு அவ்வளவில்லை. உலகத்துக்குத் தேநீர் கொடுக்கும் பெண்ணின் இரத்தச் சோகையிலே அத்தேநீருக்கும் ஒரு பங்குண்டு என்பதை எந்தக் கதாசிரியனும் கற்பனை செய்திருக்க மாட்டான். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். தோட்டத்திலே மூன்று பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு பிள்ளை குன்றியிருந்தது. இது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்புச் சுட்டெண்ணில் நூற்றுக்கு 94.9 ஆயிற்று, மா விலை பலமடங்காயிற்று. காவலென்று நம்பிய மூட்டையே கைக்கெட்டாமற் போன காலம் அது.

*

ஒரு பெற்றோர் கூட்டத்தை இவ்விடத்து நினைவுகூர்கிறேன். பசறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்று. சத்துணவு பற்றிப் பேச ஒருவர் அழைக்கப்பட்டிருந்தார். நல்ல மனிதர். சுவரிலே வண்ணப் படம் ஒன்று தொங்கிற்று. முட்டை, பால், மீன், கீரை, பழங்கள் எல்லாம் அதில் இருந்தன. பிள்ளைக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்குமாறு அவர் வேண்டிக்கொண்டார். பின் வரிசையிலிருந்த ஒரு தாய் எழுந்து கேட்டாள்:

"குடுக்கலாமுங்க சேர். வீட்டுல அஞ்சு பேரு. அஞ்சு முட்டை ஒரு வேளையில முடிஞ்சு போயிரும். அந்தக் காசுக்கு மாவு வாங்குனா ரெண்டு வேளை ஓடும். நான் எதை வாங்கட்டும், நீங்களே சொல்லுங்க."

பேச வந்தவர் சற்றுத் திகைத்து, "ஒரு பிள்ளைக்காவது கொடுங்கம்மா" என்றார். "எந்தப் பிள்ளைக்குங்க?" என்றாள் அவள். கூட்டத்திற் சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்டது குறும்புக் கேள்வியன்று. ஒவ்வொரு மாலையும் அடுப்படியில் அவள் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அன்று அந்த மண்டபத்தில் உணவின் பொருளாதாரத்தை உணர்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான்.

ஊவாவில் உணவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. வெலிமடைப் பள்ளத்தாக்கிலே கரட்டும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. கெப்பட்டிபொலையிலிருந்து மரக்கறி லொறிகள் நகரங்களுக்கு ஓடுகின்றன. சேனைகளிலே குரக்கனும் சோளமும் விளைகின்றன. தோட்டங்களிலே மாடு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விடியற்காலையிற் கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்திற் கொடுத்துவிட்டு, மாலையிற் கடையிலே பால்மாப் பைக்கற்று வாங்கிச் செல்கிறார்கள். பால் காசைக் கொண்டு வரும். பால்மா தேநீரை வெள்ளையாக்கும். தேயிலையிலும் இதே கதைதான். உயர்ந்த இலை ஏற்றுமதிக்குச் செல்ல, மாதந்தோறும் தூள் வீட்டுக்கு வருகிறது. தான் விளைவிப்பதன் நல்ல பகுதி சந்தைக்கும், எஞ்சியது தன் கோப்பைக்கும் என்ற விதி ஒருவனுடைய வாழ்வு முழுவதிலும் ஓடும்போது, அவன் நாக்கின் சுவையும் அவ்விதிக்குப் பழகிவிடுகிறது. அதைத்தான் நாம் 'அறியாமை' என்கிறோம்.

*

இனிக் கைபேசிக்கு வருவோம்; ஓய்வறை முறைப்பாட்டின் முக்கிய சாட்சி அதுவேயன்றோ!

லயத்துக்கு வந்த ஒவ்வொரு கருவியும் இதே குற்றச்சாட்டைச் சந்தித்தது. வானொலிப் பெட்டி வந்தபோது 'கூலிக்காரனுக்கு ரேடியோவா?' என்றனர். 1982 இல் ரூபவாகினி தொடங்கியபின், மின்சாரம் எட்டிய லயங்களில் தொலைக்காட்சி நுழைந்தபோது பிள்ளைகள் கெட்டுப் போவதாகக் கவலைப்பட்டனர். கவலைப்பட்டவர்களின் வீடுகளில் அக்கருவிகள் முன்னரே இருந்தன. ஒரே பொருள் ஒருவர் வீட்டில் வசதியாகவும் இன்னொருவர் வீட்டில் ஊதாரித்தனமாகவும் தோன்றுமாயின், பார்வையிலேதான் வர்க்கம் ஒளிந்திருக்கிறது.

2020, 2021 ஆம் ஆண்டுகளிலே கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நடந்ததை நாம் அதற்குள் மறந்துவிடலாகாது. பாடங்கள் கைபேசி வழியாக வந்தன. கைபேசி இல்லாத பிள்ளைக்குப் பாடசாலையே இல்லாமற் போயிற்று. பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியிலே, மலையுச்சி மரமொன்றின்மீது கட்டிய பரணிலேறிப் பிள்ளைகள் அலைவரிசை தேடிப் படித்த செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளிலும் வந்தது. அன்று "பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுக்க மாட்டீர்களா?" என்று பெற்றோரைக் கடிந்தவர்களும் ஆசிரியர்களாகிய நாமே. காதணியை அடகு வைத்தும் தவணைக்கு ஒப்புக்கொண்டும் அவர்கள் வாங்கினார்கள். தவணை முடியுமுன் பாடசாலை திறந்தது. நாமும் நமது பழைய முறைப்பாட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

கொழும்பிலே கடையில் நிற்கும் மகன், மத்திய கிழக்கிலே வீட்டுவேலை செய்யும் மகள், இவர்களோடு லயத்தைப் பிணைத்து வைத்திருப்பதும் அக்கருவியே. வானொலியும் கைபேசியும் உணவாகமாட்டா, உண்மை. ஆனால் மனிதன் உணவால் மாத்திரம் வாழ்பவனல்லன் என்பதைத் தொழிலாளி விடயத்தில் மாத்திரம் நாம் மறுப்பது எந்த முற்போக்கு? வட இங்கிலாந்துச் சுரங்கப் பகுதியில் வேலையற்றோர் வெள்ளைப் பாணும் சீனித் தேநீருமாக வாழ்ந்துகொண்டு மலிவான சிறு சுகங்களையும் நாடியதை ஜோர்ஜ் ஓர்வெல் 1937 இல் வெளிவந்த தமது நூலிலே ஆராய்ந்தார். அவர்களுக்கு உபதேசம் செய்த கனவான்களை அவர் எள்ளி நகையாடினார். அதேவேளை, மலிவான சுகங்கள் மக்களின் கோபத்தை மழுங்கச் செய்யக்கூடும் என்பதையும் அவர் கண்டார். இரண்டையும் ஒருங்கே காண்பதே விமர்சனம்.

ஆகவே பண்டங்களுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. ஒரு முறை குடித்துத் தீரும் இனிப்புப் பானமும், பத்து ரூபா இருபது ரூபாவென்று தொங்கும் சிறு பைக்கற்றுகளும், முகத்தை வெளுப்பிக்கும் பசையும் ஏழையின் சில்லறையைக் குறிவைத்தே செய்யப்படுகின்றன. மொத்தமாக வாங்கக் காசில்லாதவன் சிறிது சிறிதாக வாங்கி அதிக விலை கொடுக்கிறான். தவணைக்காரன் கேட்பது சம்பளத் துண்டை. அத்துண்டிலே தீபாவளி முற்பணமும் சந்தாவும் ஏனைய கழிவுகளும் ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன. 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டின் பெயரே இன்றைய சம்பளச் சீட்டுக்கும் வழங்குவதைச் சொல்லாராய்ச்சியாளர் கவனிப்பார்களாக! இவற்றைக் கண்டிப்போம். ஆனால் கண்டனம் விற்பவனை நோக்கிச் செல்ல வேண்டும். வாங்கியவனின் வாசலோடு அது நின்றுவிட்டால் விற்றவனுக்கு அது செய்யும் உதவி பெரிது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் தயங்கினால் இக்கட்டுரை பாதி உண்மையாகிவிடும். பை எல்லா வேளையிலும் கொழுந்தெடுத்தவளின் கையில் இருப்பதில்லை. பெண்ணின் சம்பளத்தை ஆண் உறவினர் சென்று வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிற்று. சாராயக் கடைக்குச் செல்லும் பணம் யாருடைய விரல்கள் கொய்தது என்பதை எல்லோரும் அறிவர். வீட்டிலே ஆண்களும் ஆண்பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் அவள். சோகை பிடித்தவளும் அவளே. தோட்ட முதலாளித்துவத்தைச் சாடும் பேனா இந்த அடுப்பங்கரை முதலாளித்துவத்தின்முன் மை வற்றிப்போகக் கூடாது. தொழிலாளியின் பை என்று நாம் பேசும்போது, எந்தத் தொழிலாளியின் பை என்பதையும் கேட்க வேண்டும்.

*

2021 இல் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. ஒவ்வோர் உயர்வுக்கும் ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டங்களிலே நாம் எழுப்பிய முழக்கம் ஒரு தொகையாக இருந்தது. அத்தொகையால் எத்தனை முட்டை, எத்தனை கிலோ அரிசி, எத்தனை லீற்றர் பால் என்ற கணக்கு மேடைகளில் அரிதாகவே கேட்டது. இரண்டு ஆண்டுக் காலத்தில் விலைகள் இரட்டித்தபோது வென்ற தொகை கையிலேயே உருகிற்று. கூலியை உணவால் அளக்கும் பழக்கம் வேரூன்றியிருந்தால், அவ்வுருகலை நாம் முன்னரே கண்டு சொல்லியிருப்போம். காய்கறிக்கு ஒரு துண்டு நிலம், பாடசாலையில் ஒரு நேர நல்லுணவு, நியாய விலையில் மொத்தமாக வாங்கத்தக்க கூட்டுறவுக் கடை, தானே வாங்கித் தானே செலவிடும் பெண்ணின் சம்பளம் ஆகியவை சிறு கோரிக்கைகளல்ல. கூலிக் கோரிக்கையின் மறுபாதி.

நமது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலையை முன்வைக்கிறேன். 'மழைக்காலம்', 'நான் ஒரு அமைச்சரானால்' என்று கட்டுரை எழுதுவிக்கும் நாம், ஒரு மாதம் 'எங்கள் வீட்டுக் கடைக்கணக்கு' என்று எழுதச் செய்வோம். பிள்ளையின் பெயர் வேண்டா. எந்தப் பிள்ளையும் நாணமடையும் வகையில் அதை வகுப்பிலே வாசிக்கவும் வேண்டா. எது வாங்கப்பட்டது, எது கேட்டு விலை அதிகமென்று திரும்ப வைக்கப்பட்டது என்ற இரண்டையும் எழுதட்டும். திரும்ப வைக்கப்பட்ட பொருள்களின் பட்டியல், எந்த ஆணைக்குழு அறிக்கையிலும் இல்லாத ஆவணமாக இருக்கும். அதிலிருந்து நாளை ஒரு சிறுகதை பிறக்கலாம். பிறக்காவிட்டாலும் ஓய்வறையில் நாம் பேசும் பேச்சு மாறும்.

சென்ற சம்பள நாளன்று மாலை, பதுளை பஸ் நிலையத்துக்கருகே ஒரு சிறு கடையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். விரல் நுனிகளிற் கொழுந்துக் கறை. முதலாளி பழைய பற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார். அவள் சற்று நேரம் வாய்க்குள் எண்ணினாள்.

"மொதலாளி, மாவு அஞ்சு கிலோ போடுங்க. சீனிய அரைக் கிலோவாக்கிருங்க. அந்த நெத்தலிப் பொட்டலம் வேணாம், எடுத்துருங்க. போனுக்கு நூறு ரூவா ரீலோட் போடுங்க. மகளோட பேசி ரெண்டு கெழமையாச்சு."

நெத்தலிப் பொட்டலம் பெட்டிக்குள் திரும்பிச் சென்றது. அதிலே அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் இருந்தன; மறுபுறத்தில், தூரதேசத்தில் அந்நியர் வீட்டுச் சமையலறையிலிருக்கும் ஒரு பெண் பிள்ளையின் குரல் இருந்தது. இரண்டையும் அவள் நிறுத்துப் பார்த்தாள். என்னருகே நின்ற ஒருவர், படித்தவர், தாழ்ந்த குரலில், "பாருங்கள், சாப்பாட்டைக் குறைத்துப் போனுக்குப் போடுகிறாள்" என்றார். நான் அவருக்கு அப்போது மறுமொழி சொல்லவில்லை. பசறை பஸ் புறப்படும் நேரமாயிற்று. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.